கூட இருந்து பார்ப்பவருக்குப் படபடப்பு வந்தால்

கேள்வி: கணவருக்கு வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொள்கிற எனக்குத்தான் இப்போது நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. ஆஸ்பத்திரியில் குழு ஆலோசனைக்கு வரச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து அழுவதில் என்ன பயன்? (வாசகி, விழுப்புரம்)

பதில்: போங்கள். யாரும் உங்களை அழச் சொல்ல மாட்டார்கள், முதல் நாள் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பெரும்பாலும் எட்டுப் பத்துப் பேர், வாரம் ஒரு தடவை, ஒன்று ஒன்றரை மணி நேரம், சில வாரங்கள்.

அங்கே உங்கள் பயங்களை இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள். 'மூக்கு வழியாகக் கஞ்சி விடும் டியூப் அடைத்துக்கொண்டால்?' என்பது ஏதாவது செய்யக்கூடிய பயம். எதிரே இருக்கும் அம்மாவே, கஞ்சி விடுவதற்கு முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள் என்று சொல்லிவிடுவார், டாக்டர் பத்து தடவை சொன்னாலும் ஏறாதது அப்போது ஏறும். 'நோய் திரும்பி வந்துவிட்டால்?' என்பதற்கு இன்றைக்குப் பதில் கிடையாது. அதை நாள் முழுக்கச் சுமக்காமல் இருக்க மூச்சுப் பயிற்சி, கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது போன்றவற்றைப் பழக்குவார்கள்.

ஆனால் வாட்ஸ்அப் குரூப் குழு சிகிச்சை ஆகாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நம்பர் வாங்கிக்கொண்டு 'ஆறுதல் குரூப்'பில் சேர்ப்பார்கள், நாலாம் நாள் மூலிகைப் பொடி வரும், அப்புறம் எண்ணாயிரம் ரூபாய்க்கு 'மனவலிமை முகாம்' வரும். எந்தக் குழுவானாலும் நடத்துகிறவர் யார், மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் 'தூக்க மாத்திரை' வாங்குவதும் வேண்டாம். அப்படித் தரும் அல்பிரசோலம் மாத்திரை பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு.

ஒரே விதிவிலக்கு. 'செத்துப்போனால் தேவலை' என்ற நினைப்பு வருகிறதென்றால் குழுவுக்கு முன்னால் மனநல மருத்துவரைத் தனியாகப் பாருங்கள். சும்மா அலுப்பில் சொன்னதுதான் என்று நீங்களே தள்ளிவிடாதீர்கள், ஒரு தடவை வந்ததுதானே என்றும் விட்டுவிடாதீர்கள். அது அலுப்பா வேறா என்பதை அவர் சொல்லட்டும். நடுராத்திரியில் வந்தால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், புறநோயாளிச் சீட்டு நோயாளி பெயரில்தான். பக்கத்தில் நிற்கிறவருக்குக் கை நடுங்குகிறதா என்று பார்க்க ஒரு கட்டம்கூட அதில் இல்லை. நீங்களே வாயைத் திறந்து, உங்கள் பெயருக்குத் தனிச் சீட்டு கேட்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு இருக்கும்.

அந்த நேரத்தில் கணவரை யார் பார்ப்பது என்று யோசிப்பீர்கள். கதிர்வீச்சு உள்ள நாளிலேயே குழுவை வைக்க முடியுமா என்று கேளுங்கள், இல்லையென்றால் அவருடைய தம்பியையோ அக்காவையோ வாரத்தில் அந்த ஒரு மதியம் வரச் சொல்லுங்கள். 'ஏதாவது உதவி வேணும்னா சொல்லு' என்றவர்கள்தானே, இப்போது சொல்லுங்கள்.