படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருது? – மருத்துவர் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 29 வயசு, சொந்த ஊரு பாலக்கோடு பக்கம், ஓசூர் சிப்காட்ல வேலை, நாலு பேரா ஒரு ரூம்ல தங்கியிருக்கோம், லீவுக்கு ஊருக்குப் போவேன். போன சித்திரைல தொடை இடுக்குல அரிப்பு ஆரம்பிச்சு இப்ப இடுப்பு, பின்பக்கம், அக்குள் வரைக்கும் வந்துடுச்சு. மெடிக்கல்ல கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் போடறேன், போட்டா ரெண்டு நாள்ல அடங்குது, நிறுத்தினா டபுளா வருது. நடுவுல ஒரு டாக்டர் டெர்பினாஃபைன் மாத்திரை ரெண்டு வாரத்துக்கு எழுதினாரு, கேக்கல. இப்ப வொய்ஃபுக்கும் நாலு வயசுப் பாப்பாவுக்கும் வந்திருக்கு. ரத்தம் கெட்டுப்போச்சு, கத்திரிக்கா கருவாடு தொடாதேங்கிறாங்க அம்மா. போன்ல ஒரு ஆப்ல போட்டோ போட்டா எக்ஸிமானு வருது. இதுக்கு இன்னும் சரியான மருந்தே கண்டுபிடிக்கலையா?

பதில்: தம்பி, முதல்ல அம்மாகிட்ட சொல்லிடுங்க, ரத்தம் ஒண்ணும் கெட்டுப்போகல. நீங்க எழுதினதைப் பாத்தா படர்தாமரை மாதிரிதான் தெரியுது. அது பூஞ்சை, தோலோட மேல் அடுக்குல இருக்கிற கெரட்டின்ங்கிற புரதத்தைத் தின்னு வாழறது, ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கத்திரிக்கா, கருவாடு எல்லாம் தாராளமா சாப்பிடுங்க. சுகர் மட்டும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க, சுகர் இருந்தா பூஞ்சை அவ்வளவு சுலபமா அடங்காது.

மருந்து கண்டுபிடிக்கலையானு கேட்டிருக்கீங்க. மருந்து இருக்கு தம்பி. நீங்க மாசக்கணக்கா போட்டுட்டு இருக்கிற அந்த ட்யூப்தான் எந்த மருந்தையும் ஒழுங்கா வேலை செய்ய விடாம வச்சிருக்குனு நான் நினைக்கிறேன். அதை எடுத்து பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்குனு படிச்சுப் பாருங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இதுல ஏதாச்சும் ஒண்ணு இருந்தா அது ஸ்டீராய்டு. கூடவே ஓஃப்லாக்ஸசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபைன், இல்லன்னா மைக்கோனசோல், நியோமைசின்னு மூணு நாலு மருந்து கலந்திருக்கும், பாக்டீரியாவுக்கு ஒண்ணு பூஞ்சைக்கு ஒண்ணு அரிப்புக்கு ஒண்ணுனு எல்லாத்தையும் ஒரே ட்யூப்ல அடைச்சு விக்கிறாங்க, நோய் என்னன்னு பாக்காம எது வந்தாலும் பூசிக்கோனு குடுக்கறதுக்கு வசதியா இருக்கு, அவ்வளவுதான்.

ஸ்டீராய்டு என்ன பண்ணும்னா, சிவப்பையும் அரிப்பையும் உடனே அமுக்கிடும். நம்ம உடம்பு பூஞ்சையோட சண்டை போடறதாலதான் அந்த சிவப்பும் அரிப்பும் வருது, ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்தி வச்சுடுது, பூஞ்சை சத்தமில்லாம பரவிக்கிட்டே இருக்கும். க்ரீமை நிறுத்தினதும் உடம்பு முழிச்சுக்குது, அதுக்குள்ள இடம் டபுள் ஆகியிருக்கும், நீங்க சொல்ற மாதிரியே. இது புதுசாக் கண்டுபிடிச்ச விஷயம்கூட இல்ல, ஸ்டீராய்டு பூசினா படர்தாமரை உருவம் மாறி அடையாளமே தெரியாமப் போகுதுனு பிரிட்டன்ல ரெண்டு டாக்டருங்க 1968-லயே எழுதி வச்சிருக்காங்க. நல்ல வட்டமா, ஓரம் தடிச்சு, நடுவுல ஆறின மாதிரி இருக்க வேண்டியது, வட்டத்துக்குள்ள வட்டமாவோ கோடே இல்லாத சிவப்புத் திட்டாவோ மாறிடும். குளோபெட்டசால் பூசற ஸ்டீராய்டுகள்லயே ரொம்ப பவரானது, உள்ளங்கை உள்ளங்கால் மாதிரி தடிச்ச தோலுக்கு எழுதறது, அதைக் கொண்டுபோயி தொடை இடுக்குல மாசக்கணக்கா போட்டா தோல் பேப்பர் மாதிரி மெலிஞ்சு, பிரசவமான வயித்துல இருக்கிற மாதிரி கோடு கோடா கிழிஞ்சுடும், அந்தக் கோடு அப்புறம் போறதே இல்ல. கல்யாணம் ஆகாத பசங்க அதைக் காட்டி அழறப்ப எனக்கு மனசு தாங்காது. 2018-லயே மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதுனு விதி கொண்டுவந்தாச்சு, ஆனா நம்ம ஊர்ல எந்தக் கடையில சீட்டு கேக்கறாங்க சொல்லுங்க.

இப்ப அந்த டெர்பினாஃபைன் விஷயத்துக்கு வரேன், ஆராய்ச்சி அதிகமா நடந்திருக்கிறது இதுலதான். பூஞ்சையோட செல்லுக்கு சுத்துச் சவ்வு கட்ட எர்கோஸ்டிரால்னு ஒரு பொருள் வேணும், அதைத் தயாரிக்கிற ஒரு என்சைமை டெர்பினாஃபைன் பிடிச்சு நிறுத்தும், பூஞ்சை செத்துடும். முன்ன ரெண்டு வாரம் குடுத்தா போதும், சுத்தமாப் போயிடும். இப்ப இந்தியாவுல பரவற பூஞ்சை பலதுல அந்த என்சைம் ஜீன்லயே மாற்றம் வந்துடுச்சு, மருந்து அதுல உக்காரவே மாட்டேங்குது. இந்தியா, நேபாளத்துக்காரங்ககிட்ட எடுத்த பூஞ்சையை ஜப்பான்ல ஆராய்ச்சி பண்ணி, இது தனி இனம்னு 2020-ல ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியேனு பேர் வச்சாங்க. 2023-ல அமெரிக்கால நியூயார்க்ல ரெண்டு பெண்களுக்கு இதே பூஞ்சை இருந்ததுனு அங்க அரசே அறிவிச்சாங்க, அதுல ஒருத்தர் சமீபத்துல வெளிநாடே போகாதவர். அவ்வளவு தூரம் போயிருக்கிறது பாலக்கோட்டுக்கும் ஓசூருக்கும் வராம இருக்குமா.

வாரணாசியில பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துல 200 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2020-ல வெளியிட்டாங்க. உங்களை மாதிரி ரொம்ப நாளா இருக்கிறது, போயிப் போயித் திரும்பி வர்றதுனு இருக்கிற கேசுங்களைத்தான் எடுத்தாங்க, அம்பது அம்பது பேராப் பிரிச்சு நாலு மாத்திரைல ஒண்ணு ஒண்ணு குடுத்து எட்டு வாரம் பாத்தாங்க. இட்ராகோனசோல் சாப்பிட்டவங்கள்ல 66 பர்சென்ட் பேருக்கு குணம், ஃப்ளூகோனசோல்ல 42, டெர்பினாஃபைன்ல 28, கிரைசியோஃபல்வின்ல வெறும் 14. அதனால உங்களுக்கு டெர்பினாஃபைன் கேக்காம போனதுல ஆச்சரியமே இல்ல, எழுதின டாக்டர் மேலயும் கோவப்படாதீங்க, புத்தகத்துல அதுதான் முதல் மருந்து. அதே சமயம் பாருங்க, இருக்கறதுலயே நல்ல மருந்துக்கும் எட்டு வாரத்துல மூணுல ஒருத்தருக்குக் கேக்கல. டோஸைக் கூட்டினா சரியாயிடுமானு டெல்லில ஒரு ஆய்வு நடந்துச்சு, 2022-ல வெளிவந்தது, இட்ராகோனசோல் தினம் 100, 200, 400 மில்லிகிராம்னு மூணு அளவு குடுத்துப் பாத்தாங்க, குணமாகிற எண்ணிக்கைல பெரிய வித்தியாசம் இல்ல, 400-ல கொஞ்சம் சீக்கிரம் முடியுது, ஆனா மூணுலயுமே மருந்து நிறுத்தின பிறகு கணிசமான பேருக்குத் திரும்பி வந்துச்சு. மாத்திரையோட பவர் மட்டும் போதாது, எவ்வளவு நாள் சாப்பிடறீங்க, கூட இருக்கறவங்களுக்கு இருக்கா, துணிமணி எப்படி இதெல்லாம் சேந்துதான் முடிவு பண்ணுதுனு நான் புரிஞ்சுக்கறேன்.

சரி, ஆனா இதெல்லாம் படர்தாமரைதானானு உறுதியானா மட்டும்தான். ஆப் சொல்றதை நம்பாதீங்க. போட்டோ பாத்து தோல் வியாதி சொல்ற கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நல்லாத்தான் போயிட்டிருக்கு, கூகுள் ஆளுங்க 2020-ல 26 தோல் பிரச்சனைக்கு ஒரு முறை உருவாக்கிக் காட்டினாங்க, அதுல எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனா 2022-ல ஸ்டான்ஃபோர்டுல வேற வேற நிறத்துத் தோல் படங்களைக் குடுத்து சோதிச்சப்ப கருப்புத் தோல்ல இந்த மாதிரி ப்ரோகிராம்லாம் சறுக்குதுனு தெரிஞ்சுது, பழக்கின படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். அதுவும் நீங்க ஸ்டீராய்டு போட்டு உருவத்தையே மாத்தி வச்சிருக்கீங்க, கண்ணால பாக்கிற டாக்டரே தடுமாறுவாங்க, போன் என்ன பண்ணும் பாவம்.

இதுக்கு ஒரு பழைய டெஸ்ட் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட். திட்டோட ஓரத்துல, நடுவுல இல்ல, ஓரத்துலதான் பூஞ்சை அதிகம், அங்க பிளேடோட மழுங்கின பக்கத்தால லேசா சுரண்டுவாங்க, வலிக்காது, ரத்தம் வராது. மாவு மாதிரி உதிர்றதை கண்ணாடி ஸ்லைடுல புடிச்சு, 10 பர்சென்ட் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மூடி கொஞ்ச நேரம் வச்சா தோல் செல்லுங்க கரைஞ்சுடும், பூஞ்சை கரையாது. மைக்ராஸ்கோப்ல பாத்தா கிளை கிளையா பிரிஞ்சு ஓடற நூல் மாதிரி தெரியும். அன்னைக்கே ரிசல்ட். போறதுக்கு சில நாள் முன்னாடியே எந்தக் க்ரீமும் போடாம போங்க, இல்லன்னா பூஞ்சை இருந்தும் இல்லைனு காட்டலாம். இன்னொண்ணு, எந்தத் திட்டுலயாவது தொட்டா உணர்ச்சி இல்லாம மரத்துப்போன மாதிரி இருந்தா அதை மறக்காம சொல்லுங்க, அது தொழுநோய் அறிகுறியா இருக்கலாம், அதுக்கு மருந்து முழுசா இலவசம், ஆரம்பத்துலயே பாத்தா ஊனமில்லாம குணமாயிடும், மறைக்க ஒண்ணும் இல்ல. தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியும் இருக்கு, 2022-ல இருந்து கிருஷ்ணகிரிலயும் மெடிக்கல் காலேஜ் வந்தாச்சு, எது பக்கமோ அங்க தோல் ஓபில காட்டுங்க.

அனேகமா இட்ராகோனசோல் எழுதுவாங்க, நீங்களா வாங்கிச் சாப்பிடாதீங்க. வயிறு நிறைய சாப்பிட்ட உடனே போடணும், வெறும் வயித்துல காபியோட விழுங்கினா பாதிகூட உள்ள ஏறாது. கேஸ் மாத்திரை, பான்டோப்ரசோல் மாதிரி சாப்பிடறவங்களுக்கு வயித்துல ஆசிட் குறைஞ்சு மருந்து சரியா ஏறாது, அதனால கேஸ் மாத்திரை பழக்கம் இருந்தா முன்னாடியே சொல்லணும். இதய பலவீனம் இருக்கறவங்க இதைச் சாப்பிடக் கூடாது, கொழுப்பு மாத்திரை சிலதோட சேராது, நீண்ட நாள் சாப்பிட்டா கல்லீரல் டெஸ்ட் பாப்பாங்க. கேப்ஸ்யூலைப் பிரிச்சா உள்ள கசகசா மாதிரி மணிங்க இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அந்த மணியோட எண்ணிக்கையும் சைஸும் மாறுது, அதனால எழுதின கம்பெனி மாத்திரையை கடைல மாத்திக் குடுத்தா டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. வொய்ஃப் கர்ப்பமா இருந்தாலோ அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தாலோ கண்டிப்பா சொல்லணும், அவங்களுக்கு வேற மாதிரி பாக்கணும். பாப்பாவுக்கு உங்க ட்யூபை ஒரு நாளும் போடாதீங்க, குழந்தைத் தோல்ல ஸ்டீராய்டு சட்டுனு உள்ள இறங்கிடும்.

பூசறதுக்குக் குடுக்கிற மருந்தை திட்டு மேல மட்டும் தடவாம ரெண்டு விரல் அகலம் தள்ளி வெளியவும் தடவுங்க. அரிப்பு நின்னுடுச்சுனு மருந்தை நிறுத்தாதீங்க, தோல் முழுசா சுத்தமான பிறகும் டாக்டர் சொல்ற வரைக்கும் போடணும், திரும்பி வர்ற கேசுல பாதி இங்கதான் கோட்டை விடறாங்க. ஸ்டீராய்டை நிறுத்தின முதல் ஒண்ணு ரெண்டு வாரம் அரிப்பு ஜாஸ்தியாகும், மருந்து ஒத்துக்கலைனு பயந்து பழையபடி அந்த ட்யூபுக்குப் போயிடாதீங்க, ராத்திரிக்கு அரிப்பு மாத்திரை கேட்டு வாங்கிக்கங்க. பூண்டு அரைச்சு வைக்கிறது, எருக்கம்பால் தடவறது வேணவே வேணாம், தோல் வெந்துபோய் வர்றவங்களை அடிக்கடி பாக்கறேன். சீமை அகத்தி இலைக்கு பூஞ்சையை அடக்கற குணம் இருக்கு, உண்மைதான், ஆனா இவ்வளவு பரவின பிறகு அது பத்தாது.

அப்புறம் இடுப்புல அரணாக்கயிறு இருக்கா? வேர்வைல ஊறி ஊறி அதுலயே பூஞ்சை தங்கிடும், கயிறு போற கோட்டுலயே படர்தாமரை மாலை மாதிரி சுத்தி நிக்கிறதை எத்தனையோ பேர்ல பாத்திருக்கேன். கழட்டிடுங்க, அம்மா ஒத்துக்கலைன்னா குணமாகிற வரைக்குமாவது, அப்புறம் வெள்ளிக் கொடி போட்டுக்கலாம். டைட் ஜீன்ஸ், ஈரம் காயாத ஜட்டி வேணாம், ஓசூர் குளுருக்கும் மழைக்கும் ரூமுக்குள்ள கொடி கட்டிக் காயவச்ச துணி காயறதே இல்ல, போடறதுக்கு முன்னாடி உள்பக்கம் திருப்பி அயர்ன் பண்ணிடுங்க. உங்க துணி, துண்டு, பெட்ஷீட்டைத் தனியா கொதிக்கிற சுடுதண்ணில ஊறவச்சுத் துவைக்கணும், ஊருக்கு வந்தா வெயில்ல போடுங்க, நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமில்ல. நீங்க, வொய்ஃப், பாப்பா மூணு பேரும் ஒரே நேரத்துல வைத்தியம் ஆரம்பிக்கணும், ஒருத்தருக்கு முடிஞ்சு இன்னொருத்தருக்குனு போனா சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். நாலு வாரத்துல பாதிகூட குறையலைன்னா வளர்ப்பு டெஸ்ட், அதாவது சுரண்டி எடுத்ததுல இருந்து பூஞ்சையை லேப்ல வளத்துப் பாக்கறது, பண்ண முடியுமானு கேளுங்க, ரிசல்ட் வர ஒரு மாசம் வரைக்கும் ஆகும், எந்தப் பூஞ்சைனு தெரிஞ்சுடும்.

ரூம்ல மத்த மூணு பேர்கிட்டயும் வெக்கப்படாம கேளுங்க, ஒருத்தருக்காவது இருக்கும்னு நினைக்கிறேன், கேட்டா சொல்ல மாட்டாங்க, நீங்களே உங்களுக்கு இருக்குனு முதல்ல சொன்னா அவங்களும் சொல்லுவாங்க, அவங்களையும் ஓபிக்குக் கூட்டிட்டுப் போங்க.