கச்சான் காற்றில் துள்ளிய கடதாசி மாரியில் ஏன் அசையவில்லை?

பௌதிகக் கேள்வி பதில். பதில் எழுதுபவர், திருகோணமலையில் 31 வருடம் உயர்தரத்துக்குப் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை.

கேள்வி: ரீச்சர், நான் கோணேசபுரி வளாகத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். போன ஆடி மாதம் சீப்பைத் தலையில் தேய்த்து, தங்கச்சிக்குக் கடதாசித் துண்டுகளைத் துள்ளவைத்துக் காட்டினேன். மார்கழி விடுமுறையில் அவளுடைய சிநேகிதிகள் வந்திருந்தபோது அதே சீப்பை எடுத்தேன். ஒரு துண்டுகூட அசையவில்லை. ஈரக்காற்று மின்னைக் கடத்துவதுதான் காரணம் என்கிறான் நண்பன். சரியா? (மாணவன், உப்புவெளி)

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொல்வதை நானும் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது சரியான காரணம் அல்ல என்று பிறகுதான் விளங்கியது. நீராவி கலந்திருந்தாலும் காற்று நல்ல காவலிதான், மின்னைக் கடத்தாது. தேய்க்கும்போது சீப்பில் சேரும் மின்னேற்றம், சுருக்கமாக ஏற்றம், ஓடிப்போகும் வழி சீப்பின் மேற்பரப்பில் இருக்கிறது.

ஈரப்பதன் கூடும்போது பிளாஸ்ரிக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று ஒட்டிக்கொள்ளும். சுத்தமான நீர் என்றால் அது பெரிதாகக் கடத்தாது. ஆனால் நம்முடைய ஊரில் உப்புப் படியாத பொருள் எது? யன்னல் கொக்கியைப் பாருங்கள், சைக்கிள் செயினைப் பாருங்கள். காற்றோடு வரும் கடலுப்பும் கைவியர்வையில் உள்ள உப்பும் அந்தப் படலத்தில் கரைந்து அயன்களாக, அதாவது ஏற்றம் கொண்ட துணிக்கைகளாகப் பிரிகின்றன. நீங்கள் தேய்த்துச் சேர்த்த ஏற்றம் அந்த வழியாக உங்கள் கைக்கு வந்து, உடம்பு வழியாக நிலத்துக்குப் போய்விடும். போதாக்குறைக்குத் தலைமயிரிலும் ஈரம் இருப்பதால் தேய்க்கும்போதே குறைவாகத்தான் ஏறும்.

ஆடி, ஆவணியில் வீசும் கச்சான் வேறு மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வரண்டு சூடாகி வருகிறது. உதடு வெடிக்கும், உடுப்பு ஒரு மணித்தியாலத்தில் காயும். சீப்பின் மேல் நீர்ப்படலம் தங்காது. மார்கழியில் வீசும் வாடைக்காற்றோ நேரே கடலிலிருந்து ஈரத்தோடு வருகிறது.

ஒரு மார்கழியில் செய்முறை வகுப்புக்குப் பொன்னிலை மின்காட்டியை எடுத்து வைத்தேன், ஏற்றம் இருந்தால் மெல்லிய பொன் இலை விரிந்து காட்டும் கருவி அது. ஏற்றினால் இலை விரிகிறது, பத்து எண்ணுவதற்குள் விழுந்துவிடுகிறது. இருபத்தெட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அன்று விட்டுவிட்டு, மறுநாள் காலையில் வேளைக்கே போய், தண்டைத் தாங்கும் காவலித் தக்கையைக் கழற்றி, பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த நீரில் கழுவினேன். பெரிய பிஸ்கற் தகரம் ஒன்றுக்குள் 40 உவாற்று மின்குமிழை எரியவிட்டு, அதற்குப் பக்கத்தில் தக்கையையும் எபனைற்று என்னும் கடின இறப்பர்க் கோலையும் இருபது நிமிடம் வைத்தேன். அதே மழை, அதே அறைக் காற்று. இலை ஒரு பாடவேளை முழுவதும் விழவில்லை. காற்று காரணமாக இருந்திருந்தால் விழுந்திருக்க வேண்டும் அல்லவா?

அதனால் சீப்பை முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுங்கள். பிறகு இளஞ்சூட்டில் காயவைத்துவிட்டுச் செய்து பாருங்கள். கடதாசித் துண்டையும் கொஞ்சம் சூடுகாட்டுங்கள். கடத்தி, காவலி என்று பொருள்களை இரண்டு பெட்டிகளில் போட்டுப் படித்துவிட்டோம். உண்மையில் ஒரு பொருளில் ஏற்றம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் கேள்வி. செம்பில் கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது. காய்ந்த பொலித்தீனில் மணிக்கணக்காக நிற்கும். உங்கள் மார்கழிச் சீப்பு இடையில் எங்கேயோ இருக்கிறது.

கேள்வி: இரண்டு ஏற்றங்களுக்கிடையே உள்ள விசையைக் காண, கூலோமின் விதியில் இரண்டு ஏற்றங்களையும் பெருக்குகிறோம். கடதாசித் துண்டின் மொத்த ஏற்றம் பூச்சியம். பெருக்கமும் பூச்சியம், விசையும் பூச்சியமாகத்தானே வரவேண்டும்? பிறகு எப்படி அது சீப்பிடம் போகிறது? விரிவுரையில் கேட்க வெட்கமாக இருந்தது. (மாணவி, நிலாவெளி)

பதில்: மகள், இதைக் கேட்க வெட்கப்படவே கூடாது. நிலைமின்னியலில் முதலாம் வருடத்தில் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி இது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கு இந்தச் சந்தேகம் வராது.

கூலோம் 1785இல் முறுக்கல் தராசை வைத்து அளந்து சொன்ன விதி, புள்ளி ஏற்றங்களுக்கானது. கடதாசித் துண்டு புள்ளி அல்ல. அதற்குக் கிட்டப் பக்கமும் எட்டப் பக்கமும் உண்டு. சீப்பு மறை ஏற்றம் பெற்றது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கிட்டக் கொண்டுவரும்போது கடதாசியின் மூலக்கூறுகளில் உள்ள இலத்திரன்கள் சற்றே அப்பால் தள்ளப்படும். மூலக்கூறை விட்டு ஓடாது, இருந்த இடத்தில் கொஞ்சம் சரியும். இதுதான் முனைவாக்கம். சீப்பைப் பார்த்த பக்கத்தில் கொஞ்சம் நேர் ஏற்றமும் மறுபக்கத்தில் அதே அளவு மறை ஏற்றமும் தெரியும். கூட்டினால் இப்போதும் பூச்சியம்தான்.

இனி ஒரு கணக்கு. கிட்டப் பக்கம் சீப்பிலிருந்து 10 மில்லிமீற்றர், எட்டப் பக்கம் 11 மில்லிமீற்றர். தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக விசை குறையும் என்பதால், இழுவைக்கும் தள்ளுகைக்கும் உள்ள விகிதம் 121க்கு 100. இழுவை 21 சதவீதம் கூட. அந்த மிச்சம்தான் கடதாசியைத் தூக்குகிறது.

இதோடு விடாதீர்கள். துண்டை 20 மில்லிமீற்றருக்குத் தள்ளி வையுங்கள். எட்டப் பக்கம் இப்போது 21. விகிதம் 441க்கு 400, மிச்சம் 10 சதவீதம்தான். சீப்பின் மின்புலமும் காற்பங்காகிவிட்டது. அதனால் முனைவாக்கமும் காற்பங்கு. அந்தக் காற்பங்கு ஏற்றத்தின் மேல் ஒவ்வொரு பக்க விசையும் மறுபடி காற்பங்கு. எல்லாம் சேர்ந்து, தூரம் இரண்டு மடங்கானதும் மொத்த விசை கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. துண்டை இன்னும் சிறிதாக எடுத்துக்கொண்டால் 32இல் ஒன்றை நெருங்கும், அதாவது தூரத்தின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்மாறு. சீப்பு கொஞ்சம் விலகியதும் கடதாசி சும்மா கிடப்பதும், கிட்ட வந்ததும் திடீரென்று பாய்வதும் இதனால்தான். கூலோமின் விதியை நாம் எங்கும் மீறவில்லை. அதே விதியை இரண்டு தடவை போட்டுக் கழித்தோம், அவ்வளவுதான்.

அப்புறம், சீப்பைத் தொட்ட துண்டுகளில் சில உடனே எகிறி விழும். தொடும்போது சீப்பின் மறை ஏற்றத்தில் கொஞ்சம் அதற்குப் போய்விடுகிறது, ஒத்தவை தள்ளுகின்றன. சொக்லேற் சுற்றி வரும் ஈயத்தாளைக் கிள்ளிப் போட்டால் இந்தத் துள்ளல் இன்னும் வடிவாகத் தெரியும்.

கேள்வி: ஒரு கூலோம் என்பது பெரிய ஏற்றமா, சிறியதா? (வாசகர், கிண்ணியா)

பதில்: ஓரிடத்தில் தேக்கி வைக்க நினைத்தால் மிகப் பெரியது. ஒரு கூலோமில் ஏறத்தாழ 6.24 × 10¹⁸ இலத்திரன்களின் ஏற்றம் இருக்கிறது. ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இரண்டு ஒற்றைக் கூலோம்களை வைத்தால் அவற்றுக்கிடையே 9000 நியூற்றன் விசை வரும், ஏறக்குறைய 900 கிலோகிராம் பாரம். நம் சீப்பில் இருப்பது நனோகூலோம் கணக்கு, அதாவது கூலோமை நூறு கோடியாகப் பிரித்த பங்குகளில் சில. ஆனால் ஒரு அம்பியர் ஓடும் கம்பியில் செக்கனுக்கு ஒரு கூலோம் சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே ஓடும் இலத்திரன்களுக்குச் சமமான நேர் ஏற்றம் கம்பியிலேயே இருக்கிறது, ஆகவே கம்பி நடுநிலையாகவே நிற்கிறது.

கேள்வி: என்னுடைய அண்ணா படகு எஞ்சினுக்குப் பிளாஸ்ரிக் கானில் பெற்றோல் வாங்குவார். கானை ஓட்டோவில் வைத்தே நிரப்பச் சொன்னபோது, இறக்கித் தரையில் வைத்தால்தான் அடிப்பேன் என்று பெற்றோல் செட்டில் வேலை செய்பவர் சொல்லிவிட்டாராம். அண்ணாவுக்குக் கோபம். இதற்கும் நிலைமின்னுக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகி, மூதூர்)

பதில்: உண்டு தங்கச்சி, நிறைய உண்டு. அந்தப் பிள்ளை செய்ததுதான் சரி என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். பெற்றோல் குழாய்க்குள் உரசி ஓடும்போதே ஏற்றம் பிரிகிறது, சீப்பும் மயிரும் போலத்தான். அது கானுக்குள் வந்து சேர்கிறது. ஓட்டோ சீற்றின் றெக்சினும் ரயரும் காவலிகள், ஏற்றத்துக்கு இறங்க வழியில்லை. தரையில் வைத்தால் வழி கொஞ்சம் கிடைக்கிறது.

பொறி சிறியதாக இருந்தால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். உடம்பு 3000 வோற்றுக்கு ஏறி, ஏற்றத்தைத் தேக்கும் அளவான கொள்ளளவம் 100 பிக்கோபரட்டு இருந்தால், தேங்கும் சக்தி 0.45 மில்லியூல். இவ்வளவு சிறிய பொறியை விரல் நுனி உணர்ந்தும் உணராமலும் இருக்கும். காற்றோடு சரியான அளவில் கலந்த பெற்றோல் ஆவி பற்ற 0.2 மில்லியூல் அளவே போதும். எண்ணெய் ஏற்றும் இடங்களில் பவுசருக்கு முதலில் புவித்தொடுப்புக் கம்பியை மாட்டுவதும் இந்தக் கணக்குக்காகத்தான். சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வீட்டுக் கணக்குப் போல.

அண்ணாவிடம் இன்னும் இரண்டு விடயம் சொல்லுங்கள். நிரப்பும்போது குழாயின் உலோக வாய் கானின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும், வேகமாக அடிக்கவிட வேண்டாம். கானைத் தொடுவதற்கு முன்னால், பம்புக்கு எட்ட நின்று ஏதாவது வெறும் இரும்புத் தூணை ஒருமுறை தொட்டுவிட்டு வரட்டும். கச்சான் காலத்தில் கட்டாயம்.