சென்னையில் எளிமையாக வாழ்வதால் உண்மையில் என்ன பயன்?

நாலு காசு மிச்சம் பிடிப்பதைத் தவிர எளிய வாழ்க்கையால் வேறு பயன் உண்டா, இந்த ஊரில் அது நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, நடக்கிறது. என் அனுபவத்தில் அதன் முதல் பயன், முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் முடியாது என்று சொல்ல முடிவது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

2014-ல் கிண்டி தொழிற்பேட்டையில் ஓர் உதிரி பாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். சம்பளம் 32,000. ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் வாடகை வீடு. காருக்கு நாலு லட்சம் கடன். 9 சதவீத வட்டி, ஐந்து வருடம், மாதம் 8,300 ரூபாய். கணக்குப் பார்த்தால் நாலு லட்சத்துக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் கட்ட வேண்டும். அது போக சோபா, டிவி, ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் தவணை. ஐந்தாம் தேதி வந்தால் சம்பளத்தில் பாதி போய்விடும்.

அந்த வருடம் ஒரு நாள், கடினத்தன்மைச் சோதனையில் தேறாத ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரே தொகுதியாகச் செய்த சரக்குக்கு, தேறியதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இருசக்கர வண்டி பிரேக்கில் போகிற பின்கள். போட்டேன். அன்று தேதி மூன்று. கையெழுத்துப் போடும்போது என் மனதில் ஓடியது பிரேக் அல்ல, ஐந்தாம் தேதிதான். பிறகு பல மாதங்கள், சிக்னலில் முன்னால் நிற்கும் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது.

2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழை சென்னைக்காரர் யாருக்கும் மறக்காது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட உபரி நீரும் சேர்ந்து அடையாறு கரை மீறியது. எங்கள் வீட்டுக்குள் நள்ளிரவில் முழங்கால் அளவு, விடியும்போது மார்பளவு. மாடி வீட்டுக்கு ஏறும்போது எங்கள் கையில் இருந்தவை: சான்றிதழ் ஃபைல், ரேஷன் கார்டு, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, மகளின் பள்ளிப் பை, ரொக்கமாக 340 ரூபாய். கரண்ட் இல்லை, போன் இல்லை, ஏடிஎம் இல்லை. தண்ணீர் வடிந்ததும் மேற்கு மாம்பலத்தில் சித்தி வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள் இருந்தோம்.

திரும்பி வந்து சேறு ஊறிய சாமான்களைத் தெருவில் தூக்கிப் போட்டோம். தெரு முழுக்க எல்லா வீட்டு சாமானும் அப்படித்தான் கிடந்தது. சோபாவை குப்பை லாரி எடுத்துப் போனது. அந்த சோபாவுக்கு இன்னும் ஒன்பது மாதத் தவணை பாக்கி இருந்தது. கட்டினேன். இல்லாத பொருளுக்கு ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் பணம் கட்டியதுதான் எனக்குக் கிடைத்த பாடம். காருக்கு வந்த காப்பீட்டுத் தொகையில் காரின் கடனை அடைத்தேன். அதற்குப் பிறகு தவணையில் எதுவும் வாங்கவில்லை.

மேற்கு மாம்பலத்திலேயே முதல் மாடியில் சின்ன வீடாகப் பார்த்தோம். வேலைக்கு ரயில், மாம்பலத்துக்கு அடுத்து சைதாப்பேட்டை, அதற்கடுத்தது கிண்டி. சீசன் டிக்கெட் எடுத்தால் பெட்ரோல் செலவு ஞாபகமே வராது. மனைவிக்கு முதலில் இதில் விருப்பம் இல்லை. "நாலு பேர் வந்தா எங்க உட்கார வைக்கிறது?" என்பாள். நியாயமான கேள்விதான். நானும் தொடக்கத்தில் அளவு தெரியாமல்தான் இருந்தேன். சித்தி மகன் கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு எழுதலாம் என்று நான் கையைச் சுருக்கியபோது அம்மா கேட்டார்: "பதினோரு நாள் நமக்கு சோறு போட்டவங்கப்பா. அங்க போயா கணக்கு பாக்குற?" அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். மகளின் படிப்பு, அம்மாவின் மருந்து, மருத்துவக் காப்பீடு, உறவுக்குச் செய்வது, இவற்றில் எதையும் குறைக்கவில்லை. குறைத்தது கடனையும், கடன் கேட்கும் பொருட்களையும்தான்.

2018-ல் அதே கம்பெனி, புது மேலாளர். மறுபடியும் தேறாத ஒரு லாட், மறுபடியும் கையெழுத்து. இந்தத் தடவை முடியாது என்றேன். குரலை உயர்த்தவில்லை, வாதாடவும் இல்லை. இரண்டு வாரத்தில் வேலை போனது. அப்போது வீட்டுச் செலவு வாடகையோடு மாதம் 21,000. வங்கியில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தது. கட்ட வேண்டிய கடன் ஒரு ரூபாய்கூட இல்லை. நாலு மாதம் வேலை இல்லாமல் இருந்தோம். கஷ்டமாக இருந்தது, ஆனால் ராத்திரி தூக்கம் வந்தது. பிறகு கிடைத்த வேலையில் சம்பளம் 4,000 ரூபாய் குறைவு. இன்று வரை அங்கேதான் இருக்கிறேன்.

தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் நினைவு இல்லம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். 1954-லிருந்து 1963 வரை முதலமைச்சராக இருந்தவர் வாடகைக்குக் குடியிருந்த வீடு. 1975 அக்டோபர் 2-ம் தேதி அங்கேதான் காலமானார். மகளை அழைத்துப் போனபோது, "சொந்தமா ஒரு வீடு கூட வாங்கலையாப்பா?" என்று கேட்டாள். அந்த மனிதரை யாராலும் எதைக் காட்டியும் பணிய வைக்க முடியவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவரோடு என்னை ஒப்பிடவில்லை. எளிமைக்கும் நிமிர்வுக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைக்குக் காட்ட எனக்கு அந்த வீட்டைவிட நல்ல இடம் தெரியவில்லை.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. எங்களை மூழ்கடித்த அதே ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நாங்கள் ஒரு வாளியில் குளித்து, அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம். அம்மா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் செய்து வந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். லாரித் தண்ணீருக்காக விடியற்காலை நாலு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, எட்டு மணிக்கு நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகும் ஒரு அக்கா எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் போய் எளிமையின் பெருமை பேசினால் அது பாவம். அவருக்கு வேண்டியது நல்ல சம்பளமும் குழாயில் தண்ணீரும். போதும் என்று சொல்கிற உரிமை, போதுமான அளவு கிடைத்தவனுக்குத்தான் உண்டு. எனக்குக் கிடைத்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் அலமாரியைக் காலி செய்வதில் தொடங்க வேண்டாம். ஒரு தாளில் உங்கள் தவணைகளை எழுதுங்கள். பக்கத்திலேயே, நாளைக்கு வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதுங்கள். 2014-ல் எனக்கு வந்த விடை பன்னிரண்டு நாள்.

எங்கள் ஹாலில் இன்றும் சோபா இல்லை. நான் வேலை இல்லாமல் இருந்த அந்த நாலு மாதத்தில் மனைவி அங்கே டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். இப்போதும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து, தாங்களே பாயை விரித்து உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். நான் ரயிலிலிருந்து இறங்கி வீடு வரும்போது, வாசலில் செருப்பு விட இடம் இருக்காது.