நெதர்லாந்தில் உண்மையிலேயே இடமில்லையா?

கேள்வி: நெதர்லாந்தின் மக்கள் நெருக்கம் ஏறத்தாழ தமிழ்நாட்டின் அளவுதான் என்று படித்தேன். அப்படியிருக்க, ‘நாடு நிரம்பிவிட்டது’ என்ற முழக்கத்துக்கு அங்கே இவ்வளவு ஆதரவு எப்படிக் கிடைக்கிறது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாங்கள் படித்தது சரியே. 2024 ஆகஸ்டில் அந்நாட்டின் மக்கள்தொகை 1 கோடியே 80 லட்சத்தைத் தொட்டது. நீர்ப்பரப்பை விலக்கி நிலத்தை மட்டும் கணக்கிட்டால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 535 பேர் வருகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 555 பேர். மால்டாவையும் மொனாக்கோ போன்ற குறுநாடுகளையும் விட்டுவிட்டால், ஐரோப்பாவில் இத்தனை நெருக்கமான நாடு வேறில்லை.

ஆனால் இந்த அச்சம் இன்று பிறந்ததன்று. மக்கள்தொகை 1 கோடியாக இருந்த 1950ஆம் ஆண்டிலேயே அரசி யூலியானா தம் நாடாளுமன்ற உரையில், மக்கள் பெருகுவதாலும் நிலம் குறைவாக இருப்பதாலும் வெளிநாடுகளில் குடியேறுவதை ஊக்குவிக்க வேண்டும் என்று அறிவித்தார். அரசின் உதவியுடன் லட்சக்கணக்கானோர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். அதே காலத்தில் இந்தோனேசியாவிலிருந்து சுமார் 3 லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். ஆலைகளுக்கு ஆள் போதாமல் 1964இல் துருக்கியுடனும் 1969இல் மொராக்கோவுடனும் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. ‘நிரம்பிய’ நாட்டில் 1950க்குப் பிறகு மேலும் 80 லட்சம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். வாழ்க்கைத் தரமும் உயர்ந்தே வந்திருக்கிறது.

இன்றைய கோபத்தின் வேர் வீட்டுப் பற்றாக்குறையில் இருக்கிறது என்பதே என் கருத்து. 1960இல் அங்கே ஒரு வீட்டில் சராசரியாக 3.6 பேர் வாழ்ந்தார்கள், இப்போது 2.1 பேர். அதாவது, 100 பேருக்கு அன்று 28 வீடுகள் போதுமாயிருந்தன. இன்று அதே 100 பேருக்கு 48 வீடுகள் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர்கூட வராதிருந்தாலும் இந்தத் தேவை எழுந்தே இருக்கும். இதைக் கண்ட பிறகும் வீட்டு வசதிக்கென இருந்த தனி அமைச்சகத்தை 2010இல் கலைத்தார்கள். குறைந்த வாடகை வீடுகளைக் கட்டித் தரும் சங்கங்களின்மீது 2013இல் புதிய வரி விதித்து, பத்தாண்டுக் காலம் வசூலித்தார்கள். அந்தப் பணத்தில் எழுந்திருக்க வேண்டிய வீடுகள் எழவில்லை. நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல் இன்றும் விவசாயத்திடமே, அதிலும் பெரும்பகுதி கால்நடை வளர்ப்பிடமே இருக்கிறது. பெரும்பாலும் கால்நடைக் கழிவிலிருந்து வரும் நைட்ரஜன் மாசு குறித்து 2019இல் வந்த உயர் நிர்வாக நீதிமன்றத் தீர்ப்பால், சிறிதளவு நைட்ரஜனை வெளியிடும் கட்டுமானங்களுக்கான அனுமதிகளும் முடங்கின. கடலை வற்றவைத்து ஃபிளெவோலாந்து என்ற மாகாணத்தையே உருவாக்கிய நாட்டில், நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற முடிவுதான் சிக்கலாகியிருக்கிறது.

கேள்வி: மக்கள்தொகை பெருக அகதிகள்தானே காரணம்? இலங்கைத் தமிழர்களும் அங்கே சென்றார்கள் அல்லவா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: 2022 முதல் அங்கே பிறப்பைவிட இறப்பே அதிகம், ஆகவே இன்றைய வளர்ச்சி முழுவதும் குடியேற்றத்தால் வருவதே. ஆனால் வருவோரில் புகலிடம் கோருவோரும் அவர்களுடைய குடும்பத்தினரும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு அளவே. வேலைக்காகவும் படிப்புக்காகவும் குடும்பத்துடன் சேர்வதற்காகவும் வருவோரே மிகுதி. 2022இல் உக்ரைனியர் ஒரு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். ஐண்ட்ஹோவன் அருகே உள்ள, கணினிச் சிப் தயாரிக்கும் எந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்துக்குப் பொறியாளர்கள் வேண்டும். அவர்களில் இந்தியர் பலர். வெஸ்ட்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி பறிக்கப் போலந்துக்காரர்கள் வேண்டும். இந்தத் தொழிலாளர்களில் பலருக்கு வேலை தரும் முகவரே படுக்கையையும் தருகிறார். வேலை போனால் படுக்கையும் போகும்.

2022 கோடையில் தெர் ஆப்பல் என்ற ஊரில் புகலிடம் கோருவோரைப் பதிவு செய்யும் மையத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கானோர் புல்தரையில் படுத்துறங்கினார்கள். ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு முதன்முறையாக அந்நாட்டுக்குள்ளேயே பணிக்கு இறங்கியது. அகதியாக ஏற்கப்பட்ட பின்னும் குடிபோக வீடு கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் முகாம்களிலேயே தங்கிவிட்டதும், முகாம் இடங்களை முன்பே குறைத்துவிட்டதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

இலங்கைத் தமிழர்கள் 1985 வாக்கில் ஆயிரக்கணக்கில் சென்றார்கள். வழக்கமான உதவித்தொகை மறுக்கப்பட்டு, தங்குமிடமும் உணவும் சிறிது கைச்செலவுப் பணமும் மட்டுமே அவர்களுக்கு வழங்கப்பட்டன. எண்ணிக்கையில் சிறுபான்மையினரான அகதிகள்மீதே அரசியலின் பார்வை முழுவதும் குவியும் வழக்கம் அன்றே இருந்தது. அது இன்னும் மாறாதது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. 2023 ஜூலையிலும் 2025 ஜூனிலும் இரண்டு அரசுகள் கவிழ்ந்தது இந்தப் புகலிடப் பிரச்சினையில்தான்.

கேள்வி: குடியேற்றத்தை அடியோடு நிறுத்திவிட்டால் என்ன?
– வாசகர், சேலம்

பதில்: 65 வயதைக் கடந்தவர்கள் ஏற்கெனவே ஐந்தில் ஒருவர். குடியேற்றம் நின்றால் மக்கள்தொகை சுருங்கும். முதியோரைப் பராமரிக்க ஆள் இராது. மக்கள்தொகையை ஆராய்ந்த அரசு ஆணையம் 2024 ஜனவரியில், 2050இல் 1 கோடியே 90 லட்சம் முதல் 2 கோடி வரை இருக்கும்படியான மிதமான வளர்ச்சியே ஏற்றது என்று பரிந்துரைத்தது. அதற்கு, குறைந்த கூலியை நம்பியே நடக்கும் இறைச்சிக் கூடங்களும் சரக்குக் கிடங்குகளும் வேண்டுமா, மருத்துவமனைகளுக்கு ஆள் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அந்த விவாதத்தைத் தொடங்கும் துணிவு அங்குள்ள கட்சிகளில் பெரும்பாலானவற்றிடம் இன்னும் காணப்படவில்லை.