மனத்தால் செய்யும் பயிற்சி முழங்காலுக்குப் பலன் தருமா?

கேள்வி: 68 வயதான என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாட்கள் ஆகின்றன. தொடையை இறுக்கச் சொன்னால், "கால் என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறதே" என்று கண் கலங்குகிறார். அசைவுகளை மனத்துக்குள் செய்து பார்க்கும்படி பிசியோதெரபிஸ்ட் கூறுகிறார். இதை நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால், இது உடற்பயிற்சிக்குத் துணையே தவிர, அதற்கு மாற்று அல்ல.

உங்கள் அம்மா சொல்வது முற்றிலும் உண்மை. மூட்டில் உள்ள வீக்கமும் வலியும், தொடையின் முன்புறத் தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளையை அடக்கிவிடுகின்றன. முதல் மாதத்தில் அத்தசையின் வலு பாதிக்கும் கீழே இறங்குவதற்கு, தசை மெலிவதைவிட இந்த அடக்கமே பெரிய காரணம். ஆகவே, அவர் முயற்சி செய்யவில்லை என்று யாரும் கடிந்துகொள்ள வேண்டாம்.

ஓர் அசைவை உள்ளூர உணர்ந்து கற்பனை செய்யும்போது, அதைத் திட்டமிட்டு நடத்தும் மூளைப் பகுதிகளில் பலவும் இயங்குகின்றன. சுண்டுவிரல் தசையை இறுக்குவதாக நான்கு வாரங்கள் கற்பனை மட்டுமே செய்தவர்களுக்கு வலு 22 சதவீதமும், உண்மையாகவே இறுக்கியவர்களுக்கு 30 சதவீதமும் கூடியதாக யூ, கோல் ஆகிய ஆய்வாளர்கள் 1992இல் காட்டினர். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மூட்டு மாற்றிக்கொண்டவர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. எனினும், வழக்கமான பயிற்சியோடு இதையும் சேர்த்தபோது வலு இழப்பு குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன.

செய்யும் முறைதான் முக்கியம். அம்மா தம்மைத் தொலைவிலிருந்து படம் பார்ப்பதுபோல் பார்க்கக் கூடாது. தம் உடலுக்குள்ளிருந்தே உணர வேண்டும். முழங்காலின் கீழே சுருட்டி வைத்த துண்டைக் காலின் பின்புறம் அழுத்துவதையும், முழங்கால் சில்லு தொடைப்பக்கம் இழுபடுவதையும், குதிகால் படுக்கையிலிருந்து மெல்ல எழுவதையும், நிஜத்தில் எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு மனத்தில் நிகழ்த்த வேண்டும். தெளிவாக வரவில்லையென்றால், முதலில் நல்ல காலால் ஒருமுறை செய்து, அந்த உணர்வை மறுகாலுக்கு மாற்றிப் பார்க்கலாம். பத்து நிமிடம் போதும். மனம் சோர்ந்தபின் நீட்டிப்பதில் பயனில்லை. முடித்த கையோடு, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த அசைவை உண்மையாகவே செய்யச் சொல்லுங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அணுகுங்கள். மூச்சுத் திணறினால் அவசர சிகிச்சைக்கே அழைத்துச் செல்லுங்கள்.