கை தூக்க முடியாதவர்கள் மேமோகிராம் எடுக்கலாமா?

மார்பகப் பரிசோதனைக்குப் போக எது தடையாக இருக்கிறது என்று கேட்டிருந்தேன். வண்டிப்பெரியாறு, பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மேமோகிராம் (மார்பை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) பிரிவில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு 52 வயது. கொழுந்து பறித்துப் பறித்து வலது தோள் இறுகிவிட்டது, கை மேலே எழாது. மேமோகிராம் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மட்டும் போதுமா? (வண்டிப்பெரியாறு)

உங்களைத் திருப்பி அனுப்பியது சரியில்லை, தங்கச்சி. ஒவ்வொரு மார்புக்கும் பொதுவாக இரண்டு படம் எடுப்போம். மேலிருந்து கீழாக அழுத்தி எடுக்கும் படத்துக்குக் கை கீழே தொங்கினாலே போதும். அக்குள் வரை தெரிய வேண்டிய சாய்வுப் படத்துக்குத்தான் கையை மெஷின் மேல் வைக்கவேண்டும். அதற்கும் மெஷினைத் தாழ்த்தி, கையைத் தாங்கிப் பிடித்து, முடிந்த அளவு எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் நேர் பக்கவாட்டில் எடுக்கும் முறை இருக்கிறது. விடுபட்ட அக்குள் பகுதியை ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்துக்கும் அழுத்தம் சில விநாடிதான்.

ஸ்கேன் மட்டும் போதாது. சில புற்றுநோய்கள் ஆரம்பத்தில் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்களாக மட்டுமே தெரியும். மேமோகிராமில் அவை பளிச்சென்று தெரியும், ஸ்கேனில் பெரும்பாலும் தப்பிவிடும். மேமோகிராம் எடுக்கும் அன்றைக்கு அக்குளில் பவுடரும் ஸ்ப்ரேயும் போடாதீர்கள், படத்தில் அதுவும் துகள் மாதிரியே விழும். டோக்கன் எடுக்கும்போதே "கை இவ்வளவுதான் எழும்" என்று காட்டிச் சொல்லுங்கள். கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். நிற்க முடியாது. (சித்தூர்)

உட்கார்ந்தபடியே எடுக்கலாம். கைப்பிடி கழற்றக்கூடிய நாற்காலியாக இருந்தால் சுலபம். முன்பக்கம் திறக்கும் சட்டையோ நைட்டியோ போட்டுக் கூட்டிப் போங்கள்.

அம்மாவுக்கும் சேச்சிக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கும் அதற்கான மரபணு மாற்றம் இருக்கிறது, வருஷாவருஷம் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். அந்தக் குழாய்க்குள் போனாலே மூச்சு முட்டுகிறது. (கொழிஞ்சாம்பாறை)

உங்கள் நிலையில் எம்ஆர்ஐயை எளிதில் விட்டுவிடக் கூடாது. மார்புக்கான எம்ஆர்ஐயில் குப்புறப் படுக்கவேண்டும், அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். பதற்றம் தணிக்க மாத்திரை தர முடியுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். உண்மையிலேயே முடியவில்லையென்றால், கை நரம்பில் அயோடின் மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் மேமோகிராம் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் விசாரிக்கவேண்டும். அயோடின் ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எம்ஆர்ஐக்குப் போடும் மருந்துக்கும் சிறுநீரக நிலை தெரியவேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் அட்டையைக் கொண்டுபோகவேண்டும். புதியவற்றில் பலவற்றுக்கு நிபந்தனையோடு எம்ஆர்ஐ எடுக்கிறார்கள்.

வலியே இல்லாமல் உடம்புச் சூட்டைப் படமெடுத்துக் கண்டுபிடிக்கிறார்களாமே?

தெர்மோகிராபி மேமோகிராமுக்கு மாற்று இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அப்படித்தான் எச்சரிக்கிறது. அதை எடுத்துவிட்டு "நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

மேமோகிராமுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. பக்கத்தில் எதுவும் இல்லையா? (எஸ்டேட் லயத்திலிருந்து)

இருக்கிறது. பயிற்சி பெற்ற நர்சோ டாக்டரோ கையால் பரிசோதிப்பது. 30 முதல் 65 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்யவேண்டும் என்பது மத்திய அரசின் திட்டம். ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா ஒர்க்கரிடம் கேட்டால் எந்த நாளில் போகலாம் என்று சொல்வார். இதைக் குறைத்து மதிப்பிடவேண்டாம். மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவர்கள் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடத்திய 20 வருஷ ஆய்வு 2021இல் வெளிவந்தது. சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பார்த்த குழுவில், 50 வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மெஷின் தூரத்தில் இருக்கிறதென்று எதுவுமே செய்யாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

வயது 28, பால் கொடுக்கிறேன். கட்டி தட்டுப்படுகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள், கட்டி மட்டும் அப்படியே இருக்கிறது.

பால் கட்டியாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் விரலுக்குத் தட்டுப்படும் கட்டி கரையாமல் இருந்தால், ஸ்கேன் என்ன சொன்னாலும் மறுபடி காட்டவேண்டும். தேவைப்பட்டால் மேமோகிராமும் ஊசிப் பரிசோதனையும் செய்வார்கள். இரண்டுக்காகவும் பாலை நிறுத்தத் தேவையில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்த கையோடு போனால் மார்பு இளகியிருக்கும், படமும் தெளிவாக வரும். இந்த வாரமே போங்கள்.