கேள்வி பதில்: ஆற்காட்டிலிருந்து வந்த கர்னல்

கே: 1806இல் வேலூர் சிப்பாய்ப் புரட்சியை அடக்கிய கில்லஸ்பி யார்? பிறகு அவர் என்ன ஆனார்?

ப: ராபர்ட் ரோலோ கில்லஸ்பி 1766இல் அயர்லாந்தின் கோம்பரில் பிறந்தவர். ஆள் குள்ளம், கோபம் மட்டும் நெட்டை. வாலிப வயதிலேயே துப்பாக்கிச் சண்டையில் ஒருவரைக் கொன்று, வழக்கில் விடுதலையானவர்.

தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை மாட்டு, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு என்றெல்லாம் சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டதில் வெடித்தது வேலூர். ஜூலை 10 விடியற்காலை கோட்டை அவர்கள் கைக்குப் போனது. திப்புவின் பிள்ளைகளும் உள்ளேதான் காவலில் இருந்தார்கள். அப்போது ஆற்காட்டில் குதிரைப்படைக்குத் தலைவர் நம்ம ஆள். சேதி வந்ததும் 19ஆம் டிரகூன் படையில் கையில் கிடைத்தவர்களோடு கிளம்பிவிட்டார். மற்றவர்களும் பீரங்கியும் பின்னால் வரட்டும் என்று. சுமார் 25 கிலோமீட்டர் ஓட்டம். மதில்மேல் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் மேலே இழுத்துக்கொள்ள, தனியாக ஏறிப்போய் அவர்களுக்குத் தலைமை ஏற்றார். அப்புறம் பீரங்கி வந்து கதவை உடைத்தது, குதிரைகள் உள்ளே பாய்ந்தன.

துணிச்சல்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அரண்மனையில் ஒளிந்திருந்த நூறு பேருக்கு மேல் வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்களே? கதவை உடைத்த பிளாக்கிஸ்டன் என்ற அதிகாரியே அதை எழுதி வைத்திருக்கிறார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அதற்கும் சேர்த்து மெடல் குத்த எனக்கு மனமில்லை.

1811இல், இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் ஜாவா தீவின்மேல் படையெடுத்துப் போனார். காய்ச்சலோடு படை நடத்தி மீஸ்டர் கொர்னேலிஸ் கோட்டையைப் பிடித்தார். அங்கே ஆங்கிலேயரின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ராஃபிள்ஸோடு சண்டை போட்டார். மேலிடத்தில் புகாரும் கொடுத்தார். சரி, அது தனிக்கதை.

அடுத்தது நேபாளத்தோடு நடந்த கூர்க்கா போர். டேராடூன் பக்கம் நாலாபானி குன்றின்மேல் ஒரு சின்னக் கோட்டை; நேபாளத் தளபதி பலபத்ர குன்வரிடம் சுமார் 600 பேர். பல பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் தாக்குவதுதான் திட்டம். அதற்குள் மேஜர் ஜெனரலாகிவிட்ட கில்லஸ்பிக்குப் பொறுமை ஏது? மற்ற பிரிவுகள் வந்து சேருவதற்குள் பாய்ந்தார். படை தயங்கவே, தாமே முன்னால் ஓடினார். 1814 அக்டோபர் 31, மார்பில் குண்டு. வேலூரில் பலித்த அவசரம் அங்கே பலிக்கவில்லை. ‘சர்’ பட்டம் 1815இல்தான் வந்தது.

கோட்டையோ இன்னும் ஒரு மாதம் நின்றது. தண்ணீரை அடைத்த பிறகுதான் பலபத்ரர் மிச்சமிருந்தவர்களோடு வெளியேறினார். ஆங்கிலேயர் அங்கே இரண்டு தூண்கள் எழுப்பினார்கள். ஒன்று கில்லஸ்பிக்கும் அவரோடு மாண்டவர்களுக்கும், இன்னொன்று எதிரி பலபத்ரருக்கும் அவருடைய வீரர்களுக்கும். டேராடூன் போனால் சகஸ்ரதாரா சாலையில் பார்க்கலாம்.